ஒரு பிடி கூடிப்போன இறால்

என் மெஷினை யாராவது குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. கோயம்புத்தூர் கணபதியில் இரண்டு லேத், ஒரு வெல்டிங் செட், நான்கு ஆட்கள். இவ்வளவுதான் என் பட்டறை. எடை போட்டுப் பாக்கெட்டில் கொட்டுகிற மெஷின் செய்கிறோம். மிக்சர் கம்பெனி, மசாலாக் கம்பெனி என்று ஊருக்குள் நிறையக் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டுக்குப் போனது ஒன்றே ஒன்று. அது போன இடம் இலங்கையின் முல்லைத்தீவு. அந்த ஒன்றைப் பற்றித்தான் ஒரு திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது.

"தம்பி, உங்கட மெஷின் பொய் சொல்லுது. எங்கட பெட்டியள் எல்லாம் எயார்போட்டிலை இருந்து திரும்பி வந்திட்டுது."

பேசியவர் ஜெசிந்தா அக்கா. முள்ளிவாய்க்காலில் பதினொரு பெண்கள் சேர்ந்து நடத்தும் இறால் நிலையத்தின் தலைவி. நாயாற்றில் பிடித்த இறாலை வாங்கிக் காயவைத்து, இருநூறு கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டுகிறார்கள். பல வருடமாகச் சாக்கில் கட்டிக் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவந்தார்கள். கம்பெனி தன் பெயரை ஒட்டி வெளிநாட்டுக்கு விற்றது. இந்த முறைதான் முதன்முதலாகத் தங்கள் சொந்தப் பெயரில் கனடாவில் ஒரு கடைக்காரருக்கு இருபது பெட்டி அனுப்பினார்கள். பேப்பரில் பெட்டிக்குப் பத்துக் கிலோ. விமான நிலையத் தராசில் ஒவ்வொரு பெட்டியும் நானூறு கிராம் அதிகம். உள்ளே என்ன ஒளித்திருக்கிறார்கள் என்று பெட்டிகளைப் பிரித்துக் கொட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பிய சரக்குக்கு மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரி கொழும்பிலிருந்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் வவுனியாவுக்கு வருவார். அந்த வெள்ளி நான்கே நாளில் இருந்தது. விட்டால் ஒரு மாதம். அதுவரைக்கும் கடைக்காரர் பொறுக்க மாட்டார், பழையபடி கம்பெனியிடமே வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம்.

போனில் சரிசெய்யப் பார்க்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அந்த ஒரு மெஷினை அனுப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏற்றுமதி செய்யுங்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். செய்யப் போனால், பெரிய கம்பெனிக்காரன் ஆயிரம் மெஷினுக்குக் கொடுக்கிற அதே பேப்பரை நான் ஒரு மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்கு அதற்கென்று ஒரு மாடி முழுக்க ஆள் இருக்கிறது. எனக்கு நான் மட்டும்தான். அப்படி அனுப்பிய மெஷின் பொய் சொல்கிறது என்றால் விட முடியுமா?

அன்றிரவே விமானம் பிடித்து, செவ்வாய்க்கிழமை மதியம் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையில் மாங்குளத்தில் இறங்கினேன். முல்லைத்தீவு பஸ் அப்போதுதான் போய்விட்டது. சந்திக்குப் பக்கத்துக் கடையில் பால் போடாத டீ ஒன்று சொன்னேன். கடைக்காரர் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸும் வடையும் பனிஸ் என்கிற பன்னும் கொண்டுவந்து வைத்தார். வெளிநாட்டுக்காரன் என்று உபசரிக்கிறார் போல, மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று மூச்சுப் பிடித்து அத்தனையும் தின்று தீர்த்தேன். ஏழாவது ரோல்ஸில் கண் பிதுங்கியது. வேண்டியதைத் தின்றுவிட்டு மீதியை அப்படியே விட்டு எழ வேண்டும், தின்றதற்கு மட்டும்தான் காசு என்பது எனக்கு யார் சொல்லித் தெரியும்? "இந்தியாவிலை சாப்பாடு இல்லையோ" என்று பக்கத்து மேசையில் ஒருவர் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது.

அடுத்த பஸ் வரவில்லை. கேட்டால் வழியில் படுத்துவிட்டது என்றார்கள். ஜெசிந்தா அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் அனுப்பிய நிஸ்தார் வண்டியோடு வந்தார். நம்மூரில் குட்டி யானை என்கிற அதே வண்டியை அங்கே பட்டா என்கிறார்கள். நிஸ்தாரின் பட்டாவில்தான் இறாலும் உப்பும் ஐஸும் பெட்டிகளும் போய்வருகின்றன. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது முல்லைத்தீவிலிருந்து குடும்பத்தோடு புத்தளம் போனவர், தாடி நரைத்த பிறகு திரும்பி வந்து உப்பு வியாபாரம் தொடங்கியிருக்கிறார். ஊரைப் பற்றிக் கேட்டால் உப்பு விலையைச் சொல்வார், உப்பு விலையைக் கேட்டால் ஊரைப் பற்றிச் சொல்வார்.

ஒட்டுசுட்டான் தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது. ஆனால் மூன்று நட்டுகள் மரை தேய்ந்து, பிடிக்க மாட்டோம் என்றன. கணபதியில் என்றால் பத்தடிக்கு ஒரு லேத், டீ குடித்து முடிப்பதற்குள் புது நட்டுக் கடைந்து தருவார்கள். இங்கே அதற்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். வவுனியாவுக்கு என்றார் நிஸ்தார், ஏதோ பக்கத்துத் தெருவைச் சொல்கிற மாதிரி. மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொரு நட்டைக் கழற்றிப் போட்டு வண்டியைக் கிளப்பினோம்.

மறுநாள் காலை மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த நிலையத்துக்குப் போனேன். தகரக் கூரை, தேய்த்துக் கழுவிய சிமெண்ட் தரை, நடுவில் என் மெஷின். நான் பூசிய நீல வண்ணம் கடற்காற்றில் அங்கங்கே உரிந்திருந்தது. மற்றபடி என் பட்டறையில் இருந்ததைவிடச் சுத்தமாக வைத்திருந்தார்கள்.

முள்ளிவாய்க்கால் என்ற பெயரை எங்கள் ஊர்ச் சுவர்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, சொல்லியும் விட்டேன். ஜெசிந்தா அக்கா கோபப்படவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே பேசினார்.

"அழுறதுக்கு வாற ஆக்கள் கனபேர், தம்பி. வரட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. சாமான் வாங்க வாற ஆக்கள்தான் இல்லை."

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மெஷினுக்குக் கீழே புகுந்துகொண்டேன். மேலே நிற்க எனக்கு முகமில்லை.

எடைக்கல் வைத்துப் பார்த்தேன். சரி. இறாலைக் கொட்டிப் பத்துத் தடவை ஓட்டினேன். பத்திலும் இருநூறு கிராம், கூடினால் குறைந்தால் ஒரு கிராம். எழுந்து நின்று, பார்த்தீர்களா அக்கா, என் மெஷின் பொய் சொல்லாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர், திரும்பி வந்த பெட்டியிலிருந்து மூடி ஒட்டிய பாக்கெட்டை எடுத்துத் தராசில் வைத்தார். இருநூற்று ஏழு. இன்னொன்று இருநூற்றுப் பதினொன்று. அடுத்தது இருநூற்று ஆறு.

மெஷினில் சரியாக விழுகிறது, மூடிய பாக்கெட்டில் கூடியிருக்கிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ நடக்கிறது. எப்போதும் போல வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மெஷின் இருநூறைக் கொட்டியது. பாக்கெட் கைமாறி, வாயை ஒட்டும் சீலர் மெஷினுக்கு முன்னால் இருந்த ரீற்றாவிடம் போனது. ரீற்றாவுக்கு அறுபது வயது இருக்கும், நாற்பது வருடம் கரையில் மீன் விற்றவர். பக்கத்துக் கிண்ணத்திலிருந்து விரல் நுனியில் நாலைந்து இறாலை எடுத்துப் பாக்கெட்டுக்குள் போட்டார். பிறகு ஒட்டினார். அடுத்த பாக்கெட்டுக்கும் அப்படியே. கண் வேறெங்கோ இருந்தது, வாய் பக்கத்தில் இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தது, கை மட்டும் தன்பாட்டில் போட்டுக்கொண்டே இருந்தது.

அது என்னங்க என்று கேட்டேன்.

"எது?" என்றார் ரீற்றா. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

கிண்ணத்தைக் காட்டினேன். நிறுத்த பிறகு போடுறது என்றார். ஏன் போடுகிறீர்கள் என்றதும், மூக்கு இருக்கிறவனிடம் ஏன் மூச்சு விடுகிறாய் என்று கேட்டதைப் போல என்னைப் பார்த்தார். நாங்கள் கொசுறு என்போமே, அதுவா என்றேன். அதற்கென்று ஒரு பெயர் அவர்களிடம் இல்லை. மீனை நிறுத்துக் கொடுத்த பிறகு மேலே ஒன்றைத் தூக்கிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

"நிறுத்ததை நிறுத்தபடி குடுத்தால் வாங்கிறவை என்ன நினைப்பினம்?" என்று கேட்டார் ரீற்றா.

நான் ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய முறை வரும்போது அவரும் இதையேதான் செய்திருக்கிறார். பதினொரு பேரும் செய்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இது எடையைக் கூட்டும் என்று தோன்றவே இல்லை. அது இறாலோடு சேர்ந்தது இல்லை, கையோடு சேர்ந்தது. பிறகு ஒருத்தி சிரிக்கத் தொடங்க, எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மெஷினிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஜெசிந்தா அக்காவைப் பிடித்துத் தள்ளினார்கள்.

எனக்குச் சிரிப்பு பாதிதான் வந்தது. குறைத்து நிறுப்பவனைப் பிடிக்கத்தான் சட்டம் என்று நினைத்திருந்தேன். கூடப் போட்டவரைத் திருடனைப் போலப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். எடை மாறினால் சந்தேகப்பட வேண்டியதுதான், விமானத்தில் ஏற்றுகிற சரக்கு, அது எனக்கும் புரிகிறது. ஆனால் கூடியிருக்கிறதே, ஏன் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பெரிய கம்பெனிக்கு அந்தப் போன் வந்திருக்கும்.

பேசாமல் லேபிளில் இருநூற்று எட்டு என்று போட்டுவிடுங்கள் என்றேன். முடியாதாம். லேபிளை ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது, ஓர் எண்ணை மாற்றினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், மூன்று மாதம் ஆகும். ஆகவே ஒரே வழிதான் இருந்தது. ஆயிரம் பாக்கெட்டையும் வெட்டி, மறுபடி நிறுத்து, கூடினதை எடுத்துவிட்டுப் புதுப் பாக்கெட்டில் ஒட்ட வேண்டும்.

ரீற்றா கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மெஷினைத் துடைக்கச் சொன்னால் துடைப்பாராம், தரையைக் கழுவச் சொன்னால் கழுவுவாராம், ஒருவருக்கு என்று போட்டதைத் திரும்ப எடுக்க மட்டும் அவர் கை வராதாம். இரண்டு மூன்று பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஜெசிந்தா அக்கா வெளியே போய் ஒரு காலிப் பெட்டியை எடுத்தார். உள்ளே வந்து சொன்னார்: "எடுப்பம். எடுத்ததை நாங்கள் வைச்சிருக்கேலாது. அதைத் தனிப் பெட்டியாக் கட்டி, விலை போடாமல் கனடாக்காரருக்கே அனுப்புவம்." அதன் பிறகுதான் ரீற்றா உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை முழுக்கக் கத்தரிக்கோல் சத்தம்தான். நான் மெஷினை விட்டு நகரவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போனது, எப்போது வரும் என்று கேட்டால் போனில் எடுப்பவருக்கே தெரியவில்லை. எங்கள் ஊரிலும் போகும், ஆனால் பட்டறைச் சங்கத்தில் இருந்து நாலு பேர் போய்ச் சண்டை போடுவோம். இங்கே சண்டை போட அலுவலகமே பக்கத்தில் இல்லை. நிஸ்தார் எங்கேயோ போய், ஐஸ் போடும் இடத்திலிருந்து ஒரு ஜெனரேட்டரைப் பட்டாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் கார்புரேட்டரை நான் கழற்றித் துடைத்து ஓடவைத்தேன்.

மதியம் குத்தரிசிச் சோறு, நண்டுக் குழம்பு, தேங்காய்ப்பால் சொதி. நான் வீட்டில் நண்டு தின்றதில்லை. எப்படி உடைப்பது என்று தெரியாமல் கட்டிங் பிளேயரை எடுத்தேன். அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ரீற்றாவே உடைத்துத் தந்தார். சோறு போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கொழும்புக் கம்பெனியின் ஏஜென்ட் வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு, கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தார். வெட்டிக் குவித்திருந்த பாக்கெட் உறைகளைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஏன் அக்கா உந்தக் கரைச்சல்? சாக்கிலை கட்டித் தாங்கோ. கையெழுத்து, பேப்பர், எல்லாம் கம்பெனி பாக்கும். நாளைக்கு வவுனியாவிலை லொறியோடை நிக்கிறன்."

அதிகாரி கையெழுத்துப் போடவில்லை என்றால் அங்கேயே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். விலை மட்டும் பழைய விலையைவிடக் கொஞ்சம் குறையுமாம், உடைத்துக் கட்டிய சரக்கு இல்லையா என்றார். ஜெசிந்தா அக்கா, டீ குடிச்சிட்டுப் போங்கோ என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் இருபது பெட்டியும் முடிந்தன. எடுத்த இறால் எட்டுக் கிலோ. நாற்பது பாக்கெட், ஒரு பெட்டி.

வெள்ளி காலை வவுனியா அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். தேன் பாட்டில்களோடு ஒரு பெண், எலுமிச்சை ஊறுகாயோடு ஒரு புருசன் பெண்சாதி, முருங்கையிலைத் தூளோடு ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். சுவரில் பெரிய போஸ்டர், உலகமே உங்கள் சந்தை என்று மூன்று மொழியில். அதற்குக் கீழே கொடுத்த படிவம் இரண்டு மொழியில் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். எப்போது முடிந்தது என்று வாத்தியார் கேட்டார். போன வருடம் என்றார் கிளார்க், தமிழர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிரப்பித் தருகிறேன் என்றேன். ஜெசிந்தா அக்கா பேனாவைத் தரவில்லை. தமிழிலேயே எழுதினார். அதிகாரி சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றார் கிளார்க். "வாசிச்சுச் சொல்ல நீங்கள் இருக்கிறியள்தானே" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போனார். எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. எங்கள் ஊரில் புரியாத படிவத்தில் காட்டிய இடத்தில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் இப்படிச் செய்யத் தோன்றவில்லை.

அதிகாரி எங்கள் பெட்டிகளில் தானே மூன்றைத் தேர்ந்து தராசில் வைத்தார். பத்து. பத்து. பத்து. நான்காவதையும் வைக்கச் சொன்னார். அதுவும் பத்து. என் மெஷினைப் பெற்ற தாயைப் போல நான் நின்றேன்.

இருபத்தோராவது பெட்டியில்தான் வம்பு. விலைக் கட்டத்தில் ஒன்றும் இல்லையே என்று அதிகாரி கேட்டார், கிளார்க் தமிழில் சொன்னார். சும்மா கொடுப்பது என்றார் ஜெசிந்தா அக்கா. சும்மா கொடுப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை, ஒரு விலை போட்டே ஆக வேண்டும். இது உலக வழக்கம், எனக்கும் தெரியும். மெஷினோடு நான் அனுப்பிய ஓர் உபரி பெல்ட்டுக்கே, சும்மா கொடுத்தது, ஆனால் இவ்வளவு பெறும் என்று எழுதினேன். அக்காவின் காதருகே அதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. விலை போட்டால் அது விற்ற சாமான் ஆகிவிடும் என்றார். விலை போடுங்கள் அல்லது பெட்டியை எடுங்கள், இரண்டும் இல்லையென்றால் எதிலும் கையெழுத்து இல்லை என்றார் அதிகாரி. கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே கம்பெனி லாரி நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு பொய் விலையைப் போட்டுத் தொலையுங்களேன் என்று கத்த வாய் வந்தது.

ஜெசிந்தா அக்கா பேனாவால் அந்தப் பெட்டியின் வரியை அடித்தார். பெட்டியைத் தூக்கி மேசைக்கு முன்னால் வைத்து, டேப்பைக் கிழித்தார்.

"கனடாக்காரருக்கு எண்டு போட்டது. அவைக்குப் போகேலாதெண்டால் இஞ்சை நிக்கிற ஆக்களுக்குப் போகட்டும்" என்றார்.

தேன்காரப் பெண்ணுக்கு நாலு, ஊறுகாய்க்காரருக்கு நாலு, வாத்தியாருக்கு நாலு. வாசலில் நின்ற காவலாளிக்கும் கொடுத்தார். கிளார்க் கையை நீட்டவில்லை, அவர் மடியில் அக்காவே வைத்துவிட்டுப் போனார். அந்த அறையில் ஒருவரையும் விடவில்லை. கடைசியில் அதிகாரியின் மேசையில் ஒன்றை வைத்தார். சேர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று பதறினார் கிளார்க்.

"அப்ப அதுக்கும் ஒரு படிவம் தரச் சொல்லுங்கோ. தமிழிலை."

கிளார்க் அதை மொழிபெயர்க்கவில்லை. பெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதிகாரி பாக்கெட்டை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார், எங்கள் தாள்களை இழுத்துக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். போட்டு முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

போகிற போக்கில் ஜெசிந்தா அக்கா லேபிள் மாற்றும் விண்ணப்பத்தையும் கேட்டு வாங்கினார். இருநூற்று எட்டு என்று போடப் போகிறாராம். மூன்று மாதம் ஆகும் என்று கிளார்க் நினைவூட்டினார். ஆகட்டும் என்றார். இருநூற்று எட்டு என்று போட்டால் ரீற்றா அதற்கு மேலும் நாலு போடுவார் என்பது எனக்குத் தெரியும்.

ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நிஸ்தார் வந்து, பெட்டிகளைப் பட்டாவில் ஏற்றிக் கொழும்புக்குக் கிளம்பத் தயாரானார். எதிரே லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏஜென்ட் நின்றார். பெட்டிகளை எண்ணுவதைப் போலப் பார்த்தார். ஜெசிந்தா அக்கா சாலையைக் கடந்து போய், கையில் மிஞ்சியிருந்த கடைசிப் பாக்கெட்டை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பிடியுங்கோ தம்பி. இவ்வளவு காலமும் எங்கட இறாலை வித்தனீங்கள். ஆர் காயவைச்சதெண்டு அதிலை போட்டிருக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

அவர் பாக்கெட்டைத் திருப்பினார். பதினொரு பெண்களின் பெயரும் வரிசையாக அச்சாகியிருந்தன. நின்று வாசித்தார். பிறகு காலி லாரியின் பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டார்.